மோகா அடாப்டர் மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

நியூ ஜெர்சியில் நாங்கள் வாங்கிய வீடு 1980-களில் கட்டியது. படுக்கையறை, கூடம், பேஸ்மென்ட் என்று எங்கே பார்த்தாலும் சுவரில் கேபிள் டிவி முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஈதர்நெட் ஒயர் ஒரு அறையிலும் கிடையாது. அமெரிக்காவில் அந்தக் காலத்து வீடுகள் பலவும் இப்படித்தான். வைஃபை மாடியின் கடைசி அறைக்குப் போய்ச் சேரும்போது பாதி உயிர் போயிருக்கும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கு அது போதாது. சுவரை உடைத்து ஒயர் இழுக்க மனமில்லாதவர்களுக்குக் கைகொடுப்பது மோகா. சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் கோஆக்ஸ் கேபிளிலேயே, அதாவது கேபிள் டிவிக் கம்பியிலேயே, ஈதர்நெட்டை அனுப்பும் முறை அது. அறைக்கு ஒன்றாக வைக்கும் அடாப்டர் என்ற சின்னப் பெட்டிதான் இரண்டையும் இணைக்கிறது.

2004-இல் அமைந்த ஒரு தொழில்துறைக் கூட்டமைப்பு வகுத்த தரம் இது. இப்போது வாங்குவதென்றால் 2016-இல் வெளியான 2.5 பதிப்பு அடாப்டரே வாங்குங்கள். கேபிள் டிவியும் கேபிள் இணையமும் அந்தக் கம்பியில் பொதுவாக 5 முதல் 1002 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களில் ஓடுகின்றன. மோகா அதற்கு மேலே, 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது. ஒரே கம்பியில் இரண்டும் மோதாமல் போவது இதனால்தான். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் கீழே வரும் பழுதுகளில் பெரும்பாலானவற்றின் காரணம் உங்களுக்கே பிடிபட்டுவிடும். வீடு கட்டியபோது சுவருக்குள் வைத்த ஸ்ப்ளிட்டரோ (ஒரு கேபிளைப் பல கிளைகளாகப் பிரிக்கும் துண்டு) இணைப்பானோ ஆம்ப்ளிஃபயரோ, 1000 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்று வரும் என்று எண்ணிச் செய்தவை அல்ல. நான் உதவிக்குப் போன வீடுகளில் அடாப்டர் கெட்டிருந்தது மிக அரிது. வழியில் உட்கார்ந்திருக்கும் விரல் நீளத் துண்டு ஏதோ ஒன்றுதான் மறித்துக்கொண்டிருக்கும்.

சரியான இணைப்பு இதுதான். ரவுட்டரில் வீட்டுக் கருவிகளை மாட்டும் லேன் துளையிலிருந்து ஈதர்நெட் ஒயர் முதல் அடாப்டருக்குப் போகும். அந்த அடாப்டரிலிருந்து கோஆக்ஸ் சுவருக்குப் போகும். அடுத்த அறையில் சுவரிலிருந்து கோஆக்ஸ் இரண்டாவது அடாப்டருக்கு வரும். அதிலிருந்து ஈதர்நெட் கம்ப்யூட்டருக்கு. மோடமும் முதல் அடாப்டரும் ஒரே சுவர் முனையைப் பகிர வேண்டியிருந்தால் நடுவில் இருவழி ஸ்ப்ளிட்டர் ஒன்று. ரவுட்டருக்குள்ளேயே மோகா இல்லாத வீட்டில் குறைந்தது இரண்டு அடாப்டர் வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு விளக்கு எரியவில்லை என்று தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எதற்கும் முன்னால்: மேசைச் சோதனை

இரண்டு அடாப்டர்களையும் ஒரே மேசையில் வையுங்கள். மூன்றடி கோஆக்ஸ் துண்டால் இரண்டையும் நேராக இணையுங்கள். நடுவில் ஸ்ப்ளிட்டர் வேண்டாம், சுவர் வேண்டாம். மின்சாரம் கொடுத்து ஓரிரு நிமிடம் காத்திருங்கள். இரண்டிலும் கோஆக்ஸ் விளக்கு எரிந்தால் அடாப்டர்கள் நல்லவை, பழுது சுவருக்குள் இருக்கிறது. எரியாவிட்டால் துண்டுக் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் எரியாவிட்டால் இரண்டையும் ரீசெட் செய்யுங்கள். ஒன்றில் மட்டும் கடவுச்சொல் போட்டிருந்தால்கூட ஒன்றையொன்று சேர்த்துக்கொள்ளாது. ரீசெட்டுக்கும் மசியாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் நேராகச் சுவரில் மாட்டிய நான், இரண்டு முறை அடாப்டரை மாற்றி வாங்கினேன். மூன்றாவது முறைதான் பேஸ்மென்ட் கூரையில், பஞ்சு அடைப்புக்குப் பின்னால் ஆணியடித்து வைத்திருந்த பழைய ஸ்ப்ளிட்டர் கண்ணில் பட்டது.

அறிகுறி: சுவரில் மாட்டினால் கோஆக்ஸ் விளக்கு எரிவதே இல்லை

அதிகம் வரும் பழுது இதுதான், தேட வேண்டிய இடங்களும் இதற்குத்தான் அதிகம்.

முதல் கேள்வி: இரண்டு அறைகளின் கேபிளும் உண்மையிலேயே எங்காவது சந்திக்கின்றனவா? பழைய வீடுகளில் எப்போதோ டிவி வைத்திருந்த அறையின் கேபிள் மட்டும் இணைப்பில் இருக்கும். மற்ற அறைகளின் முனைகள் பேஸ்மென்டிலோ வெளிச்சுவர்ப் பெட்டியிலோ எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருக்கும். எந்தக் கேபிள் எந்த அறைக்குப் போகிறது என்று கண்டுபிடிக்கத் தனிக் கருவி உண்டு. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அடாப்டரையே கருவியாக்கிக்கொள்ளலாம். ஒன்றை மாடியறைச் சுவரில் மாட்டி வைத்துவிட்டு, மற்றதைக் கேபிள்கள் வந்து சேரும் இடத்துக்கு எடுத்துப்போய் ஒவ்வொரு கேபிளிலும் நேராக மாட்டிப் பாருங்கள். எதில் விளக்கு எரிகிறதோ அதுதான் அந்த அறையின் கேபிள். உடனே ஒரு காகிதத்தில் எழுதி அதில் கட்டிவிடுங்கள். அடுத்த வருடம் நீங்களே மறந்துபோவீர்கள்.

கேபிள் கிடைத்துவிட்டது, ஆனால் ஸ்ப்ளிட்டரில் சேர்த்ததும் விளக்கு அணைகிறது என்றால் ஸ்ப்ளிட்டரின் முகத்தைப் படியுங்கள். 5–1002 என்றோ அதற்கும் குறைவாகவோ அச்சடித்திருந்தால் மோகாவுக்கு அது உத்தரவாதமில்லாத பாதை. சில வீடுகளில் அதிலேயே ஓடிவிடும், சில வீடுகளில் ஓடாது. 5–1675 என்று போட்ட மோகா ஸ்ப்ளிட்டர் விலை அதிகமில்லை, மாற்றிவிடுவதே நல்லது. தேவைக்கு மேல் வழிகள் உள்ளதை வாங்காதீர்கள். இருவழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு கிளையிலும் சுமார் 3.5 டெசிபல் சிக்னலைத் தின்னும். நால்வழி சுமார் 7, எட்டுவழி சுமார் 11. இரண்டு அறைக்கு இணைப்பு வேண்டுமென்றால் எட்டுவழி எதற்கு? பயன்படாத துளை இருந்தால் 75 ஓம் மூடி ஒன்றைத் திருகி அடைத்துவிடுங்கள். திறந்த துளையில் சிக்னல் மோதித் திரும்பி வந்து குழப்பும்.

அடுத்து ஆம்ப்ளிஃபயர். மின்சாரம் தேவைப்படும், ஸ்ப்ளிட்டர் போலவே இருக்கும் பெட்டி அது. டிவி சிக்னலைப் பெருக்குவதற்காக வைத்திருப்பார்கள். பழையவை பெரும்பாலும் மோகாவை அப்படியே மறித்துவிடும். அதற்குத் தேவை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். டிவிப் பெட்டி எதுவும் இல்லாத வீட்டில் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண மோகா ஸ்ப்ளிட்டரைப் போடலாம். வேண்டியிருந்தால் மோகாவை அனுமதிக்கும் ஆம்ப்ளிஃபயராகப் பார்த்து மாற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: சில ஆம்ப்ளிஃபயர்களுக்கு மின்சாரமே கோஆக்ஸ் வழியாகத்தான் போகும். வேறோர் அறையில் சின்ன அடாப்டர் ஒன்று செருகியிருக்கும். அந்தக் கம்பியில் உங்கள் மோகா அடாப்டரை மாட்டிவிடாதீர்கள்.

அறைச் சுவரில் இருக்கும் தகட்டையும் கழற்றிப் பாருங்கள். அதன் பின்னால் இரண்டு கேபிள்களைச் சேர்க்கும் பேரல் இணைப்பான் இருக்கும். உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் தெரிந்தால் பெரும்பாலும் பழைய 1 கிகாஹெர்ட்ஸ் வகை. நீலம் தெரிந்தால் 3 கிகாஹெர்ட்ஸ் வகை. பழையதை மாற்றிவிடுங்கள். மின்னல் பாதுகாப்புப் பட்டைகளில் கோஆக்ஸுக்கென்று துளை இருக்குமே, அதன் வழியாகவும் அடாப்டரை மாட்ட வேண்டாம். அதுவும் மோகாவை விழுங்கக்கூடியது.

கடைசியாக ஃபில்டர். நுழைவு ஃபில்டர் என்பது விரல் அளவு உருளை. மோகாவை வீட்டுக்கு வெளியே போகவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அது இருக்க வேண்டிய இடம், வெளியிலிருந்து வரும் கேபிள் முதல் ஸ்ப்ளிட்டருக்குள் நுழையும் வாய். அங்கே இருந்தால் மோகா சிக்னலைத் திருப்பி வீட்டுக்குள்ளேயே அனுப்பி உதவியும் செய்யும். அதையே இரண்டு அடாப்டர்களுக்கும் நடுவில், ஏதோ ஓர் அறைக்குப் போகும் கிளையில் யாராவது முன்பு மாட்டிவைத்திருந்தால் அந்த அறைக்கு மோகா ஒருநாளும் போகாது. பார்வைக்குச் சாதாரண இணைப்பான் போலவே இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே போங்கள்.

அறிகுறி: விளக்கெல்லாம் எரிகிறது, இணையம் மட்டும் வரவில்லை

கோஆக்ஸ் விளக்கு எரிவதால் சுவருக்குள் பழுதில்லை. முதல் அடாப்டரின் ஈதர்நெட் ஒயர் எங்கே போகிறது என்று பாருங்கள். ரவுட்டருக்குப் பதில் நேராக மோடத்தில் செருகியிருந்தால் கம்ப்யூட்டருக்கு முகவரி கிடைக்காது. ரவுட்டரிலும் லேன் துளையில்தான் இருக்க வேண்டும், வெளி இணையம் நுழையும் வேன் (WAN) துளையில் அல்ல. அதுவும் சரியென்றால் இரண்டாவது அடாப்டரில் லேப்டாப்பை நேராகச் செருகி, அதன் வைஃபையை அணைத்துவிட்டுப் பாருங்கள். அடாப்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருந்த பழைய ஸ்விட்சு செத்துப்போயிருந்ததை இப்படித்தான் ஒரு வீட்டில் கண்டுபிடித்தேன்.

அறிகுறி: மாட்டிய உடனே வீடு முழுக்க இணையம் போய்விடுகிறது

எடிசன் ஊரில் இருக்கும் குடும்ப நண்பர், எங்களுக்கு அக்கா முறை, ஒரு ஞாயிறு மாலை பதற்றத்தோடு கூப்பிட்டார். "தம்பி, நீங்க சொன்ன மாதிரிதான் ரெண்டையும் மாட்டினேன். இப்போ இருந்த வைஃபையும் போச்சு. ரவுட்டர்ல எல்லா லைட்டும் படபடன்னு அடிக்குது."

"முதல் அடாப்டரை மட்டும் கழட்டுங்க அக்கா, சொல்றேன்" என்றேன். கழற்றினார். அரை நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்தது.

அவர்கள் வீட்டு ரவுட்டருக்குள்ளேயே மோகா இருந்தது. அதன் முதுகில் கோஆக்ஸ் கேபிளும் மாட்டியிருந்தது. அதன் பக்கத்தில் இன்னோர் அடாப்டரை ஈதர்நெட்டாலும் கோஆக்ஸாலும் சேர்த்ததும் ஒரு வளையம் உருவாகிவிட்டது. ரவுட்டர் அனுப்பும் தகவல் ஈதர்நெட் வழியாக அடாப்டருக்குப் போய், கோஆக்ஸ் வழியாக அதே ரவுட்டருக்குத் திரும்பி வந்து, மறுபடி ஈதர்நெட்டில் கிளம்பிவிடும். எல்லாருக்குமாக அனுப்பும் சின்னச் சின்ன அறிவிப்புகள் நிற்காமல் சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் வீட்டு நெட்வொர்க்கையே மூச்சுத்திணற வைத்துவிடும்.

வெரைசான் நிறுவனத்தின் ஃபியோஸ் ரவுட்டர்கள் பலவற்றிலும் காம்காஸ்ட் நிறுவனத்தின் எக்ஸ்ஃபினிட்டி கேட்வேக்கள் (மோடமும் ரவுட்டரும் ஒன்றாக உள்ள பெட்டிகள்) பலவற்றிலும் மோகா உள்ளேயே உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் முதல் அடாப்டரே தேவையில்லை. அடுத்த அறைக்கு ஒன்று வாங்கினால் போதும். எக்ஸ்ஃபினிட்டியில் அமைப்புப் பக்கத்துக்குப் போய் மோகாவை இயக்க வேண்டியிருக்கும். ரவுட்டரில் இருப்பது பழைய 1.1 பதிப்பு என்றால் கதை வேறு. அதன் வேகம் நொடிக்கு 175 மெகாபிட்டைத் (எம்பிபிஎஸ்) தாண்டாது. அப்போது ரவுட்டரின் மோகாவை அமைப்பில் அணைத்துவிட்டு இரண்டு புதிய அடாப்டர்களைப் பயன்படுத்துங்கள். ஃபியோஸில் டிவிப் பெட்டிகள் பலவற்றுக்கு இணையம் போவதும் மோகா வழியாகத்தான். ஆகவே அணைத்த பிறகு அவற்றிலும் படம், நிகழ்ச்சிப் பட்டியல் எல்லாம் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: அடாப்டர் வந்ததிலிருந்து மோடம் விழுந்து விழுந்து எழுகிறது

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பிரித்தறிய எளிய வழி: எந்தக் கேபிளையும் தொடாமல் இரண்டு அடாப்டர்களின் மின்சாரத்தையும் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரம் பாருங்கள்.

அப்போதும் மோடம் தடுமாறினால் குற்றம் நீங்கள் புதிதாகச் சேர்த்த ஸ்ப்ளிட்டரில். மோடத்துக்கு வந்துகொண்டிருந்த சிக்னலில் 3.5 டெசிபலை அது எடுத்துக்கொண்டது. பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்தால் பெரும்பாலான கேபிள் மோடங்களின் நிலவரப் பக்கம் திறக்கும். இறங்குவழி சிக்னல், அதாவது மோடத்துக்கு வருவது, மைனஸ் 7-க்கும் பிளஸ் 7-க்கும் இடையில் இருப்பது நல்லது. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 33 டெசிபலுக்கு மேல் இருக்கட்டும். மோடம் வெளியே அனுப்பும் ஏறுவழி 50-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் மோடம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். நிகழ்வுப் பட்டியலில், அனுப்பியதற்குப் பதில் வரவில்லை என்று சொல்லும் டி3 டைம்-அவுட் என்ற வரி திரும்பத் திரும்ப வரும். தீர்வு: வெளிக் கேபிள் நுழைந்ததும் முதலில் ஓர் இருவழி ஸ்ப்ளிட்டர். அதன் ஒரு கிளை நேராக மோடத்துக்கு. இன்னொன்று வீட்டின் மற்ற எல்லா அறைகளுக்கும். மூன்று ஸ்ப்ளிட்டர் தாண்டி மோடம் உட்காரவே கூடாது.

மின்சாரத்தைப் பிடுங்கியதும் மோடம் சரியாகிவிட்டால், அதை உறுத்துவது மோகா சிக்னல்தான். கேபிள் மோடங்களுக்கான தரம் டாக்சிஸ். டாக்சிஸ் 3.0 மோடம் 1002 மெகாஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். டாக்சிஸ் 3.1 மோடமோ 1218 வரை காது கொடுக்கும். மோகா தொடங்குவது 1125-இல் அல்லவா? எல்லைத் தகராறு அங்கே வருகிறது. சில மோடங்கள் தாங்கிக்கொள்ளும், சில தாங்காது. மோடத்தின் கோஆக்ஸ் வாயிலேயே 70 டெசிபல் மோகா ஃபில்டர் ஒன்றைத் திருகிவிடுங்கள். இரைச்சல் உள்ளே போகாது. ஆனால் உங்களுடையது மோகாவையும் தானே நடத்தும் கேட்வே என்றால் இதைச் செய்யாதீர்கள், மோகாவும் சேர்ந்து நின்றுவிடும்.

அறிகுறி: வேலை செய்கிறது, வேகம் இல்லை

வேகச் சோதனையில் எத்தனை முறை பார்த்தாலும் 94 எம்பிபிஎஸ் பக்கத்திலேயே நின்றால் கோஆக்ஸை விட்டுவிடுங்கள். எங்கேயோ ஓர் ஈதர்நெட் ஒயரில் ஒரு கம்பி அறுந்து, இணைப்பு 100-க்கு இறங்கிவிட்டது. ஒயரை மாற்றுங்கள், தீர்ந்தது.

940 பக்கத்தில் நின்றால் அது பழுதே அல்ல. வழியில் ஏதோ ஓர் ஈதர்நெட் துளை 1 கிகாபிட் வகை, அதன் உச்சமே அவ்வளவுதான்.

இரண்டுக்கும் நடுவில் ஏறியும் இறங்கியும் ஆடினால் அடாப்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், கருவிகளுக்கிடையே உள்ள இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 2.5 அடாப்டர்கள் இரண்டுக்கு நடுவே 3000-க்கு மேல் காட்டினால் கம்பி ஆரோக்கியமாக இருக்கிறது. 2000-க்குக் கீழே போனால் வழியில் இழப்பு அதிகம். மேலே சொன்ன ஸ்ப்ளிட்டர், பேரல் சோதனைகளுக்குத் திரும்புங்கள். கேபிளின் உறையில் ஆர்ஜி-59 என்று அச்சடித்திருந்தால் அது மெல்லிய பழைய வகை. ஆர்ஜி-6-ஐவிட அதில் இழப்பு கூடுதல்; நீளம் குறைவென்றால் பெரும்பாலும் சமாளித்துவிடும். அடாப்டர்களில் ஒன்று பழைய 2.0 பதிப்பாக இருந்தால் அதனுடன் பேசும் வேகமும் அதன் அளவுக்கே இறங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோஆக்ஸில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். முறை வைத்துத்தான் பேசும். பதினாறு கருவிகள் வரை சேர்க்கலாம், ஆனால் இருக்கும் வேகம் எல்லாருக்கும் பொது. முறைக்குக் காத்திருப்பதால் 3, 4 மில்லிசெகண்ட் தாமதம் கூடும். அது இயல்பு.

அறிகுறி: விட்டு விட்டுப் போகிறது

மழை நாளில், கடுங்குளிரில், யாராவது மேசையை நகர்த்தும்போது இணைப்பு போனால் இணைப்பான் முனைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே நோக்குங்கள். நடுச் செப்புக் கம்பி இணைப்பானின் விளிம்பைத் தாண்டிச் சுமார் 3 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் வெட்டிப் புதிதாகப் போட வேண்டும். வெளிப்பின்னலின் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் போதும், எல்லாம் கெட்டுவிடும். கையால் திருகிப் பொருத்தும் மலிவு இணைப்பான்களை நம்பாதீர்கள். அழுத்திப் பொருத்தும் வகைக்கு ஒரு கருவி தேவை. பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கியாவது அதைப் போடுங்கள். கையால் முறுக்கிய பிறகு 11 மில்லிமீட்டர் ஸ்பேனரால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். பலம் காட்ட வேண்டாம், சுவர்ப் பேரல் கழன்றுவிடும்.

வெளிச்சுவர்ப் பெட்டியில் கேபிளோடு பச்சை எர்த் கம்பி ஒன்று சேர்ந்திருக்கும். வேறு எதைக் கழற்றினாலும் அதைத் தொடாதீர்கள்.

அறிகுறி: டிஷ் ஆன்டெனா உள்ள வீட்டில் எதுவுமே ஒத்துவரவில்லை

சாட்டிலைட் டிவி அதே கேபிளில் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் பிடித்துக்கொள்ளும். மோகாவுக்கு அங்கே இடமில்லை. இரண்டுக்கும் தனித்தனிக் கேபிள் வேண்டும்.

அறிகுறி: அடாப்டர் பட்டியலில் உங்களுடையதல்லாத கருவி தெரிகிறது

அடுக்குமாடியிலும் ஒட்டிய வீடுகளிலும் இது நடக்கும். நுழைவு ஃபில்டர் இல்லாததால் உங்கள் மோகா பக்கத்து வீட்டுக்கும், அவர்களுடையது உங்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் அவர்கள் உட்கார்ந்திருப்பதும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான். இன்றே ஃபில்டரைப் போடுங்கள். கூடவே எல்லா அடாப்டர்களிலும் ஒரே மோகா கடவுச்சொல்லை வையுங்கள். 12 முதல் 17 இலக்கம் வரையுள்ள எண் கேட்கும். ஃபைபர் இணையத்துக்கு மாறி, டிவிக்கும் கோஆக்ஸ் வேண்டாம் என்றாகிவிட்டவர்களுக்கு வேலை இன்னும் சுலபம்: வெளியிலிருந்து வரும் கேபிளை ஸ்ப்ளிட்டரிலிருந்து கழற்றிவிட்டு அந்தத் துளையை மூடியால் அடைத்துவிடலாம்.

நிறுவனத்து ஆளைக் கூப்பிடும் நேரம்

அடாப்டர், ஸ்ப்ளிட்டர் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, வெளிக் கேபிளை நேராக மோடத்தில் மாட்டிய பிறகும் 192.168.100.1 பக்கத்தில் எண்கள் மோசமாக இருந்தால் பழுது உங்கள் எல்லைக்கு வெளியே. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். மோகா அடாப்டர் பேச்சை எடுக்க வேண்டாம், மோடம் எண்களை மட்டும் சொல்லுங்கள். பேச்சு திசை மாறாது. வருபவர் வெளிப்பெட்டியில் ஸ்ப்ளிட்டரை மாற்றினால் கூடவே நின்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அப்படி மாற்றியபோது நுழைவு ஃபில்டர் பழைய ஸ்ப்ளிட்டரோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விட்டது. அவர் வண்டி ஏறுவதற்குள் ஃபில்டர் இருக்கிறதா, புதிய ஸ்ப்ளிட்டரில் 1675 என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.